முதல் கமிட்டி எது? கலிஃபோர்னியா சமூகக் கல்லூரியில் புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு

கலிஃபோர்னியாவில் சமூகக் கல்லூரி (பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி) ஒன்றில் முழுநேர ஆசிரியராகச் சேரும் நம்மவர்கள் பாடம் நடத்துவதைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை. சிலர் ஐடி வேலையில் இருந்துகொண்டே மாலை வகுப்பு எடுத்துப் பழகியவர்கள். சிலர் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று கல்லூரிகளுக்குக் காரில் ஓடி, பார்ட்-டைமாகவே வருடக்கணக்கில் காலம் தள்ளியவர்கள். வகுப்பறை அவர்களுக்குக் கைவந்த கலை. திணறுவது கமிட்டி விஷயத்தில்தான். முழுநேர வேலை என்றால் வகுப்போடு கல்லூரி நிர்வாகத்திலும் பங்கெடுக்க வேண்டும். சேர்ந்த முதல் செமஸ்டரிலேயே டீன் ஒரு பக்கம், மூத்த ஆசிரியர் ஒரு பக்கம், "இந்தக் கமிட்டியில் ஒரு இடம் காலி, வந்துவிடுங்களேன்" என்று கூப்பிடுவார்கள். புதிதாக வந்தவருக்கு முடியாது என்று சொல்லத் தயக்கம். தலையை ஆட்டிவிடுவார். இரண்டு வருடம் கழித்து, உட்கார்ந்த கூட்டங்களால் எதுவும் மாறவில்லையே என்று சோர்ந்துபோவார்.

இதைத் தவிர்க்கலாம். கமிட்டிகளின் பெயரைப் பார்த்தோ, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தோ முடிவு செய்யாதீர்கள். எந்தக் கமிட்டியும் கடைசியில் ஒரு பரிந்துரையை எழுதித்தான் முடிக்கும். அந்தப் பரிந்துரை யாரிடம் போகிறது, அவர் அதை மறுக்க நினைத்தால் எவ்வளவு சிரமப்பட வேண்டியிருக்கும், இந்த இரண்டையும் பாருங்கள். மறுப்பது கடினம் என்றால் அங்கே உங்கள் நேரத்துக்கு மதிப்பு உண்டு. "நன்றி, பார்க்கிறோம்" என்று சொல்லி ஒதுக்கிவிட முடியும் என்றால், நீங்கள் உப்புக்குச் சப்பாணி.

யாரால் எதை மறுக்க முடியும் என்பது இங்கே ஆளைப் பொறுத்த விஷயம் இல்லை. சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் 116 சமூகக் கல்லூரிகள், அவற்றை நடத்த 73 டிஸ்ட்ரிக்டுகள். அநேகமாக எல்லா டிஸ்ட்ரிக்டுக்கும் உள்ளூர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் அறங்காவலர் போர்டு உண்டு. இந்தக் கல்லூரிகளில் பல, உயர்நிலைப் பள்ளி டிஸ்ட்ரிக்டுகளின் நீட்சியாகத் தொடங்கியவை. அதனால் வெகுகாலம் பள்ளிக்கூடத்துப் பாணியிலேயே நடந்தன. 1988-இல் ஏபி 1725 (ஏபி என்றால் மாநிலச் சட்டமன்ற மசோதா) என்ற சட்டம் வந்து அதை மாற்றியது. ஆசிரியர்களின் பிரதிநிதி அமைப்பான அகாடமிக் செனட்டுக்குக் கல்வி விஷயங்களில் உறுதியான இடம் கொடுத்தது அந்தச் சட்டம்தான். ப்ரொபேஷனை இரண்டு வருடத்திலிருந்து நான்கு வருடமாக நீட்டியதும் அதே சட்டம். பொறுப்பைக் கொடுக்கும்போதே, அதை வாங்கிக்கொள்பவர்களைக் கூடுதல் காலம் கவனித்துப் பார்க்கவும் சொன்னது.

தமிழ்நாட்டில் படித்தோ பாடம் நடத்தியோ வந்தவர்களுக்கு இது பழக்கமில்லாத ஏற்பாடு. அங்கே இணைப்புக் கல்லூரியில் சிலபஸ் பல்கலைக்கழகத்திலிருந்து அச்சாகி வரும். ஆசிரியர் அதை நடத்துவார், வினாத்தாளும் வெளியிலிருந்து வரும். தன்னாட்சிக் கல்லூரியில் போர்டு ஆஃப் ஸ்டடீஸ் உண்டு, ஆனால் அதில் இளம் ஆசிரியரின் குரலுக்கு எவ்வளவு இடம் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்து, கமிட்டி என்றாலே கண்துடைப்பு என்று நினைத்து ஒதுங்கிவிடும் நம்மவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வருத்தமாக இருக்கும். இங்கே சில கமிட்டிகளுக்கு உண்மையிலேயே பல் இருக்கிறது.

எதற்குப் பல் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ‘10+1’ என்று எல்லோரும் சொல்லும் பட்டியலைப் படிக்க வேண்டும். மாநில விதித்தொகுப்பான டைட்டில் 5-இல், 53200-ஆம் பிரிவில் இருக்கிறது. பாடத்திட்டமும் பாடங்களுக்கான முன்தகுதியும், பட்டம் மற்றும் சான்றிதழுக்கான நிபந்தனைகள், மதிப்பெண் கொள்கை, புதிய படிப்புகளை உருவாக்குவது, மாணவர் தேர்ச்சி தொடர்பான அளவுகோல்கள், நிர்வாக அமைப்பில் ஆசிரியரின் பங்கு, அங்கீகார வேலையில் ஆசிரியரின் பங்கு, ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கொள்கை, துறை மதிப்பாய்வு நடைமுறை, திட்டமிடலுக்கும் பட்ஜெட் தயாரிப்புக்குமான நடைமுறை. இந்தப் பத்தோடு, இரு தரப்பும் ஒப்புக்கொண்டு சேர்க்கும் மற்ற விஷயங்கள் என்று பதினொன்றாவதாக ஒன்று.

இந்தப் பதினொன்றிலும் போர்டு செனட்டைக் கலந்தே ஆக வேண்டும். கலப்பதில் இரண்டு வகை இருக்கிறது. புதியவர்கள் தவறவிடும் இடம் இதுதான். முதல் வகையில், போர்டு செனட்டின் பரிந்துரையை முதன்மையாக நம்பி நடக்கும். அதாவது, வழக்கமாக அதை ஏற்றுக்கொள்ளும். அசாதாரணமான சூழ்நிலையில், வலுவான காரணம் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். மறுத்தால், செனட் கேட்டவுடன் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். இரண்டாவது வகை, பரஸ்பர உடன்பாடு. இரு தரப்பும் ஒத்துவராவிட்டால் பழைய கொள்கையே தொடரும். அது தொடர்ந்தால் சட்டச் சிக்கலோ பெரிய பண நெருக்கடியோ வரும் என்றால், அல்லது கொள்கையே இல்லாத இடம் என்றால், முயற்சி செய்து பார்த்த பிறகு, தக்க காரணத்தோடு போர்டு தானே முடிவெடுக்கலாம்.

முதல் வகைதான் ஆசிரியருக்கு எப்போதும் நல்லது என்று சொல்ல மாட்டேன். ஒரு கொள்கை ஏற்கெனவே ஆசிரியர்களுக்குச் சாதகமாக இருந்தால், பரஸ்பர உடன்பாடுதான் அதற்குப் பாதுகாப்பு. நீங்கள் ஒப்புக்கொள்ளாதவரை அது அசையாது. புதிதாக ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்றால் முதல் வகைக்குத்தான் வேகம் அதிகம். எந்த விஷயத்துக்கு எந்த வகை என்பதை ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் தன் போர்டு கொள்கையில் எழுதி வைத்திருக்கும். பல டிஸ்ட்ரிக்டுகளில் அந்தக் கொள்கைக்கு எண் 2510. கல்லூரி இணையதளத்திலேயே கிடைக்கும். எந்தக் கமிட்டிக்கும் சரி சொல்வதற்கு முன்னால் அதைப் படித்துவிடுங்கள்; இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும்.

சரி, இனி கமிட்டிகளுக்கு வருவோம்.

பாடத்திட்டக் கமிட்டி

என் கணக்கில் முதல் இடம் இதற்குத்தான், அடுத்ததற்கும் இதற்கும் நல்ல தூரம். பாடத்திட்டம் 10+1-இன் முதல் வரி. பெரும்பாலான இடங்களில் அது முதல் வகையில் வருகிறது. இந்தக் கமிட்டி எப்படி அமைய வேண்டும் என்பதையே நிர்வாகமும் செனட்டும் சேர்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்று டைட்டில் 5 சொல்கிறது. இங்கே நிறைவேறாத பாடம் போர்டுக்கே போகாது. போர்டுக்குப் போகாத பாடத்தை நடத்த முடியாது.

வேலை என்னவென்று கிட்டத்தில் பார்த்தால் புரியும். ஒவ்வொரு பாடத்துக்கும் பாட வரைவு என்று ஓர் ஆவணம் உண்டு. யூனிட் எத்தனை, வகுப்பு நேரம் எத்தனை, முன்தகுதி என்ன, நோக்கம் என்ன, என்னென்ன தலைப்புகள், எப்படிப்பட்ட வீட்டுப்பாடம், எப்படி மதிப்பிடுவது, எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பாடத்தை யார் நடத்தினாலும் அதன்படிதான் நடத்த வேண்டும். ஒரு யூனிட் என்றால் மாணவர் குறைந்தது 48 மணி நேரம் உழைக்க வேண்டும். பல கல்லூரிகளில் 54 என்று கணக்கு வைக்கிறார்கள். அப்படியானால் மூன்று யூனிட் விரிவுரைப் பாடத்துக்கு வகுப்பில் 54 மணி, வெளியே 108 மணி. இப்போது ஒருவர் தன் பாடத்தில் லேப் சேர்க்க வேண்டும் என்று வரைவைத் திருத்திக் கொண்டுவருகிறார் என்று வையுங்கள். லேப் சேர்ந்தால் வகுப்பு நேரம் கூடும், யூனிட் மாறலாம், யூனிட் மாறினால் மாணவர் கட்டும் கட்டணம் மாறும், நடத்தும் ஆசிரியரின் வேலைப்பளுக் கணக்கு மாறும், அந்தப் பாடம் பல்கலைக்கழகத்தில் ஏற்கப்படுமா என்பதும் மறுபடி கேள்வியாகும். ஒரே ஒரு கட்டத்தில் இருக்கும் எண்ணைத் திருத்தியதற்கு இவ்வளவு விளைவு. இதைக் கண்ணால் பார்க்க இந்தக் கமிட்டியை விட்டால் வேறு இடம் இல்லை.

முன்தகுதி இன்னும் கூர்மையான விஷயம். "என் வகுப்புக்கு வருகிறவர்களுக்கு அடிப்படைக் கணக்கே தெரியவில்லை, முன்தகுதி வைக்க வேண்டும்" என்று ஓர் ஆசிரியர் கேட்பார். கேட்பது நியாயமாகவே தோன்றும். ஆனால் வைக்கும் ஒவ்வொரு முன்தகுதியும் யாரோ ஒரு மாணவரை வாசலில் நிறுத்தும். வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர், ஒரு செமஸ்டர் தள்ளிப்போனதால் படிப்பையே விட்டுவிடக்கூடும். ஆகவே அந்த முன்தகுதி இல்லாமல் ஒருவர் தேறுவது உண்மையிலேயே அரிதா என்று கமிட்டி துருவித் துருவிக் கேட்க வேண்டும். வைத்த முன்தகுதிகளையும் ஆறு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். தொழிற்கல்விப் பாடம் என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. ஆன்லைனில் நடத்துவதற்கும் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும்.

குறையும் இருக்கிறது. மாநிலச் சட்டமன்றம் இந்தக் கமிட்டியின் எல்லைக்குள் தொடர்ந்து கால் வைத்துக்கொண்டே வருகிறது. 2017-இல் வந்த ஏபி 705, பழைய நுழைவுச் சோதனைகளை ஓரங்கட்டிவிட்டு, மாணவரின் பள்ளி மதிப்பெண்ணை வைத்து நேராகப் பல்கலைக்கழகத் தரத்துக் கணக்கு, ஆங்கில வகுப்புகளில் உட்கார வைக்கச் சொன்னது. 2022-இல் ஏபி 1705 அதை இன்னும் இறுக்கியது. 2021-இன் ஏபி 1111, எல்லாக் கல்லூரியிலும் ஒரே பாட எண் இருக்க வேண்டும் என்றது. அதனால்தான் முதல் ஆங்கிலக் கட்டுரைப் பாடத்துக்கு இப்போது மாநிலம் முழுக்க சி1000 என்ற எண். மாணவர் கல்லூரி மாறும்போது எடுத்த பாடம் வீணாகக் கூடாது என்ற நோக்கம் சரியானதுதான். ஆனாலும், ஊருக்கு ஊர் ஆசிரியர்கள் பேசி முடிவு செய்த பல விஷயங்கள் மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவுக்குப் போய்விட்டன. இந்தக் கமிட்டியின் வேலையில் ஒரு பகுதி இப்போது மேலிருந்து வருவதை உள்ளூருக்கு ஏற்ப நுழைப்பதுதான். அப்படி இருந்தும் நான் இதையே முதலில் வைக்கிறேன்.

இன்னொரு குறை, வேலைப்பளு. கூட்டத்துக்கு முன்னால் படிக்க வேண்டிய வரைவுகள் ஏராளம். படிக்காமல் வந்து உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

செனட்

செனட்டில் துறைப் பிரதிநிதியாக இருப்பது இரண்டாவது வாய்ப்பு. மேலே சொன்ன அதிகாரம் எல்லாம் சட்டப்படி செனட்டுக்கு உரியது, மற்ற கமிட்டிகளுக்கு அது பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஆகவே அதிகாரம் இங்கேதான் மிக அதிகம் என்று தோன்றும். நடைமுறையில் கமிட்டிகள் அரைத்துக் கொண்டுவந்ததைத்தான் செனட் பெரும்பாலும் நிறைவேற்றும். ஒரு கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு விஷயம், ஒவ்வொன்றுக்கும் சில நிமிடம். பின்னணி தெரியாத புதியவர் கை தூக்குவதோடு சரி.

ஆனால் கல்லூரியை முழுதாகப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. அதற்கு உறுப்பினராக வேண்டிய அவசியமும் இல்லை! செனட் கூட்டங்கள், பொது அமைப்புகள் வெளிப்படையாகக் கூட வேண்டும் என்று சொல்லும் 1953-ஆம் வருடத்துப் பிரவுன் சட்டத்துக்கு உட்பட்டவை. வழக்கமான கூட்டத்தின் அஜெண்டாவை 72 மணி நேரத்துக்கு முன்பே ஒட்ட வேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், பேசவும் நேரம் கேட்கலாம். அஜெண்டாவில் இல்லாத விஷயத்தில் முடிவெடுக்கக் கூடாது. முதல் வருடம் முழுக்க நீங்கள் பார்வையாளராகப் போய் உட்காருங்கள். யார் எதைப் பற்றி எழுந்து பேசுகிறார், எதற்கு வாக்குவாதம் வருகிறது, எது சத்தமில்லாமல் நிறைவேறுகிறது என்று பாருங்கள்.

பிரதிநிதி ஆகிவிட்டால் ஒன்றைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் கூட்டத்துக்கு வெளியே மின்னஞ்சலில் ஒரு விஷயத்தைப் பேசித் தீர்த்துக்கொள்வதும் பிரவுன் சட்டத்தை மீறுவதுதான். எல்லோருக்கும் பதில் அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு நொடி யோசியுங்கள்.

ஆள் எடுக்கும் குழு

இதை யாரும் நீண்டகாலக் கமிட்டியாக எண்ணுவதில்லை, ஒரு பணியிடம் நிரப்பும்வரைதான். ஆனால் மறுப்பது எவ்வளவு கடினம் என்ற அளவுகோலில் இது உயரத்தில் நிற்கிறது. ஆசிரியர்களை நியமிக்கும் அளவுகோலையும் நடைமுறையையும் போர்டும் செனட்டும் சேர்ந்து ஒப்புக்கொண்டே உருவாக்க வேண்டும் என்று கல்விச் சட்டம் சொல்கிறது. கடைசித் தேர்வு கல்லூரித் தலைவருடையதுதான். ஆனால் குழு மேலே அனுப்பாத பெயரை அவர் எடுப்பது அபூர்வம். நீங்கள் தேர்ந்தெடுக்க உதவும் ஒருவர் இருபத்தைந்து முப்பது வருடம் அங்கே பாடம் நடத்தப்போகிறார். எந்தக் கொள்கை ஆவணமும் அவ்வளவு காலம் நிற்காது.

நேர்காணல் அறை இங்கே நம் பழக்கத்துக்கு மாறாக இருக்கும். எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசையில், ஒரே கால அளவில். இடையில் "நீங்கள் எந்த ஊர், குடும்பம் எங்கே?" என்று நல்லெண்ணத்தோடு கேட்டால்கூடத் தவறு. சம வாய்ப்பு விதிகள் சரியாக நடக்கின்றனவா என்று பார்க்க ஒருவர் உட்கார்ந்திருப்பார். உட்காருவதற்கு முன்பே அதற்கான பயிற்சியை முடித்திருக்க வேண்டும். நடந்தது எதையும் வெளியே சொல்லக் கூடாது, பிறகும்கூட. விண்ணப்பித்தவர் உங்கள் தமிழ்ச் சங்கத்து நண்பர் என்றால் முதல் நாளே சொல்லி விலகிவிடுங்கள்.

வாய்ப்பு வந்தால் தட்டாதீர்கள். டென்யூர் (நிரந்தரப் பணி உரிமை) கிடைக்காதவர்களை இதில் சேர்க்காத கல்லூரிகளும் உண்டு, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

திட்டமிடல், பட்ஜெட் கமிட்டி

கல்லூரித் தலைவர், துணைத் தலைவர்கள், டீன்கள், அலுவலர் பிரதிநிதி, மாணவர் பிரதிநிதி எல்லோரும் உட்காரும் மேஜை. பெயரைக் கேட்டால் இங்கேதான் எல்லாம் நடக்கும் என்று தோன்றும். டீன்களும் புதியவரை இதற்குத்தான் விரும்பி அழைப்பார்கள், டென்யூருக்கு நல்லது என்றும் சொல்வார்கள்.

10+1-இன் அந்த வரியைத் திரும்பப் படியுங்கள். பட்ஜெட் தயாரிக்கும் ‘நடைமுறை’ என்றுதான் இருக்கிறது. பணம் எதற்கு எவ்வளவு என்ற முடிவு போர்டுடையது. ஆகவே இந்தக் கமிட்டி பெரும்பாலும் ஆலோசனைதான் சொல்ல முடியும். தலைவர் கேட்டுக்கொள்பவராக இருந்தால் பிரமாதமாக இருக்கும். இல்லையென்றால் அடுத்தடுத்துப் படக்காட்சிகளைப் பார்த்துவிட்டு எழுந்து வருவீர்கள்.

இதில் சேருவது வீண் என்று சொல்லவில்லை, முதலில் சேராதீர்கள் என்கிறேன். கணக்குத் தெரியாமல் இங்கே பேச முடியாது. 2018-19-இலிருந்து மாநில நிதி, மாணவர் எண்ணிக்கையை மட்டும் வைத்து வருவதில்லை. பெரும் பகுதி எண்ணிக்கைக்கும், மீதி நிதியுதவி பெறும் மாணவர்களின் அளவுக்கும் தேர்ச்சிக்கும் என்று பிரிந்து வருகிறது. அப்புறம் 1961-இலிருந்து இருக்கும் ஐம்பது சதவீதச் சட்டம். கல்விக்கான நடப்புச் செலவில் பாதியாவது வகுப்பில் பாடம் நடத்துபவர்களின் சம்பளத்துக்கும் சலுகைகளுக்கும் போக வேண்டும். ஆலோசகர்களும் நூலகர்களும் ஆசிரியர்கள்தான், ஆனால் அவர்கள் சம்பளம் அந்தப் பாதியில் சேராது. ஆகவே மாணவர்களுக்கு இன்னும் இரண்டு ஆலோசகர் வேண்டும் என்று நீங்கள் நியாயமாகக் கேட்கும்போது, நிதி அதிகாரி ஏன் நெளிகிறார் என்பது இந்தச் சட்டம் தெரிந்தவருக்குத்தான் புரியும். இதையெல்லாம் படித்துக்கொண்டு, டென்யூரும் வாங்கிய பிறகு போனால், அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் அபூர்வமானவராக இருப்பீர்கள்.

அங்கீகாரக் குழு

கல்லூரியின் தரத்தை வெளி அமைப்பு ஒன்று பார்த்து அங்கீகாரம் கொடுக்கும்; அதற்காக ஏழு வருடத்துக்கு ஒருமுறை வரும் வேலை இது. அறிக்கை எழுதுவது, ஆதாரம் திரட்டுவது. கல்லூரியின் உயிர்நாடி என்பதில் சந்தேகம் இல்லை. சான்ஃபிரான்சிஸ்கோ சிட்டி காலேஜுக்கு 2012 ஜூலையில் அங்கீகார அமைப்பு விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தது. சொன்ன குறைகளில் பணநிலையோடு நிர்வாக அமைப்பும் இருந்தது. அடுத்த வருடம் அங்கீகாரத்தையே ரத்து செய்வதாக அறிவித்தது. மக்கள் தேர்ந்தெடுத்த போர்டின் அதிகாரம் தனி அறங்காவலர் ஒருவரிடம் போனது, வழக்குகள் நடந்தன, மாணவர்கள் விலகினார்கள். 2017 ஜனவரியில்தான் அங்கீகாரம் மறுபடி உறுதியானது. அங்கீகார அமைப்பு வரம்பு மீறியது என்று சொல்பவர்களும் நிறைய. அந்த வாதத்துக்குள் இங்கே போகவில்லை. நன்றாக எழுதத் தெரிந்தவர் என்று பெயர் வாங்கிவிட்டால் இந்த வேலை உங்களைத் தேடி வரும். வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

யூனியன்

இதை மற்ற கமிட்டிகளோடு ஒரே தட்டில் வைப்பது சரியில்லை, ஆனால் புதியவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள்: செனட்டா, யூனியனா? 1975-இல் வந்த ராடா சட்டப்படி, சம்பளம், வேலை நேரம், விடுப்பு, ஆசிரியர் மதிப்பீடு, வகுப்பில் எத்தனை பேர் என்பதெல்லாம் யூனியனும் டிஸ்ட்ரிக்டும் பேசி முடிக்கும் ஒப்பந்தத்தில் வரும். செனட்டின் பரிந்துரை எவ்வளவு வலுவாக இருந்தாலும் பரிந்துரைதான். கையெழுத்தான ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும், மீறினால் முறையீடு செய்யலாம். என் அளவுகோலின்படி பார்த்தால், மறுக்கவே முடியாதது இதுதான்.

அப்படியென்றால் ஏன் முதலில் வைக்கவில்லை? பேச்சுவார்த்தைக் குழு நுணுக்கமான வேலை. ஒப்பந்தத்தின் எந்த வரி எந்தப் பழைய சண்டையில் பிறந்தது என்று தெரிந்தவர்கள் உட்கார வேண்டிய இடம். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. பயந்து ஒதுங்கச் சொல்லவில்லை. யூனியன் வேலை செய்ததற்காக ப்ரொபேஷனில் இருப்பவரைப் பழிவாங்குவது சட்ட விரோதம். உறுப்பினராக முதல் நாளே சேர்ந்துவிடுங்கள். 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜானஸ் வழக்கில் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு சந்தா கட்டாயமில்லை, அதனால் பலர் சேராமலேயே இருந்துவிடுகிறார்கள். ஒப்பந்தத்தின் பலன் எல்லோருக்கும் கிடைக்கும், ஆனால் அதை ஏற்பதா வேண்டாமா என்ற வாக்கெடுப்பு பொதுவாக உறுப்பினர்களுக்குத்தான். உங்கள் டென்யூர் மதிப்பீடு எப்படி நடக்க வேண்டும் என்று எழுதியிருப்பதும் அந்த ஒப்பந்தத்தில்தான் என்பதை மறக்காதீர்கள்.

மற்றவை

பட்டமளிப்பு விழா, பாதுகாப்பு, தொழில்நுட்பம், நாட்காட்டி என்று இன்னும் எத்தனையோ உண்டு. ஒன்றில் இருந்தால் நாலு பேரோடு பழக்கமாகும். அவ்வளவுதான்.

எந்த வருடம் எது

நான்கு வருட ப்ரொபேஷன் மூன்று ஒப்பந்தங்களாக வரும்: ஒரு வருடம், இன்னொரு வருடம், பிறகு இரண்டு வருடம். அடுத்தது உண்டா இல்லையா என்பதை மார்ச் 15-க்குள் சொல்லியாக வேண்டும். முதல் வருடம் எந்தக் கமிட்டியும் வேண்டாம். வகுப்பைக் கவனியுங்கள், உங்களை மதிப்பிடுபவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். செனட்டுக்குப் பார்வையாளராகப் போவது போதும். இரண்டாம் வருடத்திலோ மூன்றாம் வருடத் தொடக்கத்திலோ பாடத்திட்டக் கமிட்டி. உங்கள் துறைக்கான இடம் அப்போது காலியாக இல்லையென்றால், உங்கள் துறையின் பழைய பாட வரைவு ஒன்றைத் திருத்தும் பொறுப்பை எடுத்துக்கொண்டு கமிட்டியின் முன்னால் கொண்டுபோங்கள். உள்ளே இருந்து கற்பதில் பாதியை அப்படியே கற்றுவிடலாம். ஆள் எடுக்கும் குழு, அழைப்பு வந்தால். டென்யூருக்குப் பிறகு பட்ஜெட்டோ, யூனியன் பேச்சுவார்த்தையோ, செனட் பொறுப்போ, உங்கள் மனம் எதில் போகிறதோ அது.

டென்யூருக்காக எல்லார் கண்ணிலும் படும் கமிட்டியில் சேருங்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மதிப்பீட்டுக் குழு கேட்பது, இவர் பங்கெடுத்து என்ன செய்தார் என்று. "இந்தப் பாடத்தின் வரைவை நான் திருத்தி நிறைவேற்றினேன், இந்த முன்தகுதியை நீக்கக் காரணம் காட்டினேன்" என்று சொல்ல முடிந்தவரிடம் பேச ஏதோ இருக்கிறது.

பார்ட்-டைமாக இருப்பவர்களுக்கு என் பதில் வேறு. ஒரு டிஸ்ட்ரிக்டில் முழுநேரப் பளுவில் 67 சதவீதத்துக்கு மேல் வகுப்பு கொடுக்க மாட்டார்கள், கமிட்டி வேலை உங்கள் கடமையிலும் சேராது. இருந்தும் முழுநேர வேலைக்கு உதவும் என்று நம்பி இலவசமாக உழைக்கிறார்கள். 1988 சட்டம் வகுப்பு நேரத்தில் 75 சதவீதத்தை முழுநேர ஆசிரியர்கள் எடுக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. இன்றுவரை மாநிலம் அந்த இலக்கை எட்டவில்லை. அந்தப் பாரத்தை உங்கள் தோளில் இலவசமாக ஏற்றிக்கொள்ள வேண்டாம். கூட்டத்துக்கு வருவதற்குப் பணம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். உண்டு என்றால் செனட்டில் பார்ட்-டைம் பிரதிநிதி இடத்துக்கு நில்லுங்கள், அங்கே உங்கள் குரல் தேவை. இல்லையென்றால் அந்த நேரத்தை உங்கள் வகுப்புக்கும் குடும்பத்துக்கும் கொடுங்கள்.

முடிவு செய்துவிட்டால், விண்ணப்பிக்க வேண்டியது டீனிடம் இல்லை. கல்லூரிக் கமிட்டிகளுக்கு ஆசிரியர்களை நியமிப்பது, தலைவரைக் கலந்துகொண்டு, செனட்தான் என்று டைட்டில் 5 சொல்கிறது. டீன் நேரடியாகக் கூப்பிட்டால், "செனட் வழியாக வரட்டும், சந்தோஷமாக வருகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வசந்த செமஸ்டர் முடிவதற்குள் செனட் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பதவிக்காலம் எத்தனை வருடம், கூட்டம் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு, கமிட்டியின் பரிந்துரை அடுத்து யாரிடம் போகிறது என்று கேளுங்கள். கிழமையும் நேரமும் தெரிந்தவுடன் அந்த நேரத்தில் வகுப்பு போடாமல் இருக்கச் சொல்லி டீனிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த செமஸ்டருக்கான அட்டவணை பல மாதம் முன்பே முடிந்துவிடும்.